மேஸ்திரியின் இடது காது

தம்மபாலன் மேஸ்திரியான அன்று அவன் மனைவி கண்மணி பெரிய குண்டானில் பாயசம் வைத்து லைன் வீடுகள் முழுக்கக் கொடுத்தாள். கொடுக்க மாட்டாளா பின்னே? தங்கச் சுரங்கத்தில் மேஸ்திரி ஆவது என்றால் மூங்கில் தட்டி வீட்டை விட்டுச் செங்கல் சுவர் வீட்டுக்குக் குடிபோவது என்று அர்த்தம். பொதுக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, முந்திக்கொண்டவளோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் தன் வாசலுக்கே வரும், தனக்கென்று ஒரு குழாயில். புது வீட்டில் முதல் நாள் காலை கண்மணி அந்தக் குழாயைத் திறந்துவிட்டு, குடம் வைக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

1964ஆம் வருஷம் அது. மைசூர் மைன்ஸ் பக்கம் எல்லோரும் பாயசத்தை ரசித்துக் குடிக்க, ஒரே ஒரு ஆள் மட்டும் தொண்டைக்குள் இறக்க முடியாமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த ஆள் புது மேஸ்திரியேதான்.

காரணம், அவனுடைய இடது காது. அது செத்துப்போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. வலது காது வீட்டில் சாதுவாக வேலை செய்யும். சுரங்கத்துக்குள் காற்றுக்குழாய் இரைச்சலில் அதுவும் பாதி மக்கர் பண்ணும். பாறையில் துளை போடும் மிஷினைத் தோளோடு சேர்த்துப் பிடித்து வாலிபத்தைக் கழித்தவர்கள் யாருக்கும் காது முழுசாக மிஞ்சுவதில்லை. அந்த ஊரில் பாதிப் பேர் உரக்கப் பேசுவார்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மற்ற வேலைக்குக் காது போனால் போகிறது என்று விட்டுவிடலாம். டிம்பர் கேங் மேஸ்திரிக்கு அப்படி விட முடியாது. வெடி வைத்து முடித்த இடத்தில் தலைக்குமேல் நிற்கும் பாறை எங்கே விட்டுக்கொடுத்திருக்கிறது என்று யாருக்கும் வெளியே தெரியாது. அதற்கு மரக்கட்டை நட்டு முட்டுக் கொடுப்பதுதான் டிம்பர் கேங்கின் வேலை. ஆட்கள் உள்ளே போவதற்கு முன் மேஸ்திரி முதலில் வாசலில் நின்றுகொண்டு, நீளக் கடப்பாரையால் மேல்பாறையை அங்கங்கே தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான பாறை 'ணங்' என்று சொல்லும். உள்ளுக்குள் பிளந்திருந்தால் 'டொப்' என்று சொல்லும். 'டொப்' என்றால் அதைப் பெயர்த்து இறக்கிவிட்டு அல்லது வெளியிலிருந்தே முட்டுக் கொடுத்துக்கொண்டு போக வேண்டும். 'ணங்' என்றால் மேஸ்திரி "சரி" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஏழெட்டு ஆட்கள் அந்தப் பாறைக்கு அடியில் போய் நிற்பார்கள்.

வேலை கொடுத்தபோது யாரும் காதைப் பற்றிக் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. சொன்னால் 'அன்ஃபிட்' என்று மேலே தரைக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளம் குறையும், செங்கல் வீடு கிடையாது, குழாய் கிடையாது. கண்மணியின் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் சொல்ல வாய் வரும்?

இவனுக்கு முன்னால் மேஸ்திரியாக இருந்தவர் முனுசாமி. அவர் பேசினால் ஷாஃப்ட் வாசலில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்குக் காத்து நிற்பவனுக்கும் கேட்கும். பிறந்ததிலிருந்தே உரத்த ஆசாமி அவர். திட்டினால் திட்டு வாங்கியவனே சிரித்துவிடுவான். தம்மபாலனோ, "கொஞ்சம் அந்தக் கட்டையப் புடிக்கிறியாப்பா" என்று கேட்கிற ரகம். ஆனால் மேஸ்திரி வேலை என்றால் முனுசாமியின் வேலை என்று அவன் மனசில் பதிந்திருந்தது. அதனால் மீசையை முறுக்கிவிட்டான். முனுசாமியின் வசவுகளை ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டான். "இன்னாடா, பொண்ணு பாக்கவா வந்தே? கட்டையத் தூக்குடா!" என்று அவன் கத்தும்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. முனுசாமி வாயில் விளையாட்டாக இருந்தது இவன் வாயில் குத்தலாக விழுந்தது.

கத்துவதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. விடாமல் பேசுகிறவன் பதிலைக் கேட்க வேண்டியதில்லை. யாராவது இடது பக்கம் வந்து ஏதாவது சொன்னால், என்ன சொன்னான் என்று திரும்பக் கேட்டு மாட்டிக்கொள்வதைவிட, "போடா, வேலையப் பாரு" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டால் தீர்ந்தது.

முதல் நாள் தட்டியபோது அவன் காதுக்கு வந்தது, இரும்பு கல்லில் படுகிற ஏதோ ஒரு சத்தம். அது ணங்கா டொப்பா என்று சத்தியமாகத் தெரியவில்லை. தொப்பி விளக்கைத் தூக்கிப் பிடித்து விரிசல் தெரிகிறதா என்று பார்த்தான். பின்னால் எல்லோரும் காத்து நின்றார்கள். "சரி! வாங்கடா!" என்று கத்தினான். அன்று ஷிப்டு முடியும்வரை அவன் பார்வை மேல்பாறையை விட்டு இறங்கவில்லை. ஆட்கள் எல்லோரும் கேஜுக்குள் ஏறிய பிறகுதான் ஒழுங்காக மூச்சு விட்டான்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டினான். தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம் அவனுடையது. பௌர்ணமிக்கு விகாரையில் எல்லோரோடும் சேர்ந்து பஞ்சசீலம் சொல்லும்போது, பொய் சொல்வதில்லை என்கிற நாலாவது சீலம் வந்தால் அவன் குரல் மட்டும் கீழே இறங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் கண்மணி திரும்பிப் பார்ப்பாள். அவன் இருமுவான்.

அந்த நாட்களில் அவனுக்கு எரிச்சல் மூட்டிய ஆள் பெரியசாமி. கேங்கிலேயே மூத்தவர், வேலை தெரிந்தவர். இவன் "சரி" என்றதும் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் உள்ளே போவார். போய், கோடாலியின் பின்பக்கத்தால் பாறையை லேசாக இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. பிறகு தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டுவார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் நகர்வார்கள். சில நாள் துண்டைக் கட்டாமல், "இடுப்பு புடிச்சிக்கிச்சு மேஸ்திரி, கொஞ்சம் இருப்பா" என்று வெளியே வந்து உட்கார்ந்துகொள்வார். அந்த நேரம் பார்த்து வேறு யாராவது கடப்பாரையை எடுத்து ஒரு பலகைக் கல்லை நெம்பித் தள்ளுவார்கள். பெரியசாமிக்கு இடுப்பு வலி ஜாஸ்தி என்று தம்மபாலன் நம்பிக்கொண்டிருந்தான். ஆனால் அந்தக் கோடாலித் தட்டு மட்டும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் எல்லோர் எதிரிலும் வெடித்துவிட்டான்.

"இன்னா பெரியசாமிண்ணா, நான் தட்டினது பத்தலியா? நீ வேற தட்டிப் பாக்கணுமா? இங்க யாரு மேஸ்திரி, நீயா நானா?"

பெரியசாமி கோடாலியைக் கீழே வைத்தார். அவனுடைய வலது பக்கமாகச் சுற்றி வந்து, காதுக்குப் பக்கத்தில் நின்றார்.

"கத்தாத பாலா. நான் எப்பவும் உன் சோத்தாங்கைப் பக்கமா வந்து பேசறேனே, ஏன்னு நெனச்சே?"

தம்மபாலனின் கை தானாக இடது காதுக்குப் போயிற்று.

"உனுக்கு அந்தக் காது கேக்காதுன்னு நீ மிஷின் புடிச்ச காலத்துலயே எங்க எல்லாருக்கும் தெரியும்டா" என்றார் பெரியசாமி.

"தெரிஞ்சிகினா என்கூட உள்ள வந்தீங்க?"

"நாங்க கேட்டுகினுதான் வந்தோம்."

"அப்ப என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீ எங்க எங்களப் பேச வுட்டே?"

அதில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனுக்கு ரொம்பவும் சுட்டது. முதலில் எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. முதுகுக்குப் பின்னால் இத்தனை நாள் நாடகமா? ஆத்திரம் அடங்கியதும் வேறொன்று புரிந்தது. கடப்பாரை நீளம், வெளியே நின்று தட்டலாம். கோடாலிக் காம்பு குட்டை. பாறைக்கு நேர் அடியில் போய் நின்றால்தான் எட்டும், மூலைகளுக்கு அதுவும் எட்டாது. மேஸ்திரியின் மானம் போகக்கூடாது என்று அந்த மனுஷன் ஒரு வருஷமாக, எந்தப் பாறையைச் சந்தேகப்பட்டாரோ அதன் அடியிலேயே நின்று தட்டியிருக்கிறார். இடுப்பு வலி என்று அவர் உட்கார்ந்த நாட்கள் எல்லாம் பாறை 'டொப்' என்று சொன்ன நாட்கள் என்பது உறைத்ததும் தம்மபாலன் அப்படியே ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

பகல் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தவன் முன்னால் கண்மணி களியும் கீரைச் சாறும் வைத்தாள். அவன் தொடவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் ஆச்சரியப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தான்.

"இதச் சொல்லவா இம்மா நேரம்?" என்றாள் அவள். "நான் எந்தப் பக்கம் படுக்கறேன்னு என்னிக்காச்சும் பாத்தீங்களா? முன்ன எடத்தாங்கைப் பக்கம் படுத்துகினு இருந்தேன். ராவுல புள்ளைக்கு ஜுரம்னு எழுப்பினா எழுந்திருக்க மாட்டீங்க. அப்புறந்தான் இந்தப் பக்கம் மாறினேன்."

"உனுக்கும் தெரியுமா?"

"பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாதா? ஊரு பூராத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது, எங்களுக்குத் தெரியும்னு." சாற்றுக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். "சாப்புடுங்க. ஆறிப்போவுது."

மறுநாள் வேலை நடக்கும் இடத்தின் வாசலில் தம்மபாலன் கடப்பாரையை எடுத்தான். தட்டவில்லை. திரும்பி ஆட்களைப் பார்த்தான். சொல்ல வேண்டியதை கேஜில் இறங்கும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"எனக்கு இந்தச் சத்தம் பிரிச்சித் தெரியல" என்றான். "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது. இன்னிலருந்து நான் தட்டறேன், நீங்க கேளுங்க. தட்டி முடிக்கிற வரைக்கும் காத்துக்கொழாய மூடிடுங்க, யாரும் பேச வேணாம். ஒவ்வொருத்தனையும் கேப்பேன். ஒருத்தன் வேணாம்னாலும் உள்ள போறதில்ல. எவன்னாலும் சரி."

பேச்சு அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. ஒருவன் காற்றுக்குழாயின் திருகை மூடினான். அந்த ஆழத்தில் அப்படி ஒரு அமைதியை அவர்கள் கேட்டதே இல்லை. தம்மபாலன் தட்டினான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் திரும்பி முகங்களைப் பார்த்தான், தெரிந்தது.

இதற்குப் பிறகு எல்லாம் ஜாம் ஜாம் என்று நடந்தது என்று சொல்ல ஆசைதான். நடக்கவில்லை. கேங்கில் ராஜு என்று ஒருத்தன் இருந்தான். ஒல்லி, எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பு. அவன் கையில் இந்த உரிமை கிடைத்ததும் தினமும் "வேணாம்" என்றான். எல்லோரும் சரி என்பார்கள். இவன் வேணாம் என்பான். உள்ளே போகாமல் வெளியிலிருந்தே முட்டுக் கொடுத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர வேண்டியிருக்கும். வேலை பின்தங்கியது. "சோம்பேறிப் பையன், ஒக்காந்து பீடி குடிக்கத்தான் இந்த வேணாம்" என்று மற்றவர்கள் பல்லைக் கடித்தார்கள்.

தம்மபாலனுக்கும் பழைய வசவெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. முனுசாமியாக இருந்தால் பிடரியில் ஒன்று போட்டு உள்ளே அனுப்பியிருப்பார் என்று தோன்றியது. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் ராஜுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். திட்டுவதாகத்தான் எழுந்து போனான். பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தான், அவன் பீடி குடிக்கவில்லை. பீடி விரலில் நிற்காமல் கீழே விழுந்து கிடந்தது.

"உனுக்கு இன்னா கேக்குது ராஜு, நெசமாச் சொல்லு" என்றான்.

ராஜு கீழே கிடந்த பீடியை எடுத்தான். "எனக்கு எல்லாமே டொப்புனுதான் கேக்குது மேஸ்திரி" என்றான். அவன் அண்ணன் சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிந்ததில் போனவன். அந்த நாளிலிருந்து கேஜில் கால் வைக்கும்போதே அவன் கண்ணை மூடிக்கொள்வான். இதை யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை.

"சரி, நாளிக்கிலருந்து நீ தட்டு" என்றான் தம்மபாலன். "நான் பக்கத்துல நின்னுக்கறேன். கையில அந்த அதிர்வு ஏறும் பாரு, அதையும் சேத்துப் பாரு."

ராஜு தட்டினான். முதல் சில நாட்கள் கடப்பாரை ஆடியது. பிறகு ஆட்டம் நின்றது. 'வேணாம்' குறைந்தது. தினம் ஒன்றாக இருந்தது வாரத்துக்கு ஒன்றானது, பிறகு எப்போதாவது. மற்றவர்களும் அவனைச் சோம்பேறி என்பதை விட்டார்கள். தம்மபாலனின் மீசை முறுக்குவாரில்லாமல் தானாகத் தொங்கிவிட்டது. கண்மணிக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

அந்தச் சமயத்தில் பெரிய அதிகாரிகள் சுரங்கத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் வருவதற்கு முதல் நாள் ஷிப்டு பாஸ் டேவிட் நேராக இவர்கள் இடத்துக்கே வந்து நின்றார். கெட்ட மனுஷன் என்று டேவிட்டைச் சொல்ல முடியாது. அவருக்கும் மேலே ஒருவர், அந்த ஒருவருக்கும் மேலே ஒருவர், எல்லோருடைய அவசரமும் சேர்ந்து அவர் தலையில் வந்து இறங்கியிருந்தது. இன்றைய ஷிப்டுக்குள் அந்த இடம் முழுக்கக் கட்டை ஏறியாக வேண்டும் என்றார்.

ராஜு தட்டினான். எல்லோரும் கேட்டார்கள். தம்மபாலன் ஒவ்வொருவராகப் பார்த்தான். பெரியசாமி சரி என்றார். மற்றவர்களும் சரி என்றார்கள். கடப்பாரையைப் பிடித்திருந்த ராஜு மட்டும், "வேணாம்" என்றான். டேவிட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் சின்னக் குரலில், "எனக்கு அந்த மூலை வேணாம்னு தோணுது" என்றான்.

"என்ன மேன் இது?" என்றார் டேவிட். "அத்தன பேர் ஓகேன்றான். ஒருத்தனுக்காக ஒரு ஷிப்டையே வீணாக்குவியா? யாரு இங்க மேஸ்திரி?"

"நான்தாங்க சார்."

"அப்ப நீ சொல்லு. உன் காதுக்கு என்ன கேக்குது?"

எல்லோரும் தம்மபாலனைப் பார்த்தார்கள். பெரியசாமி வாயைத் திறக்கப் போனார். தம்மபாலன் கையைக் காட்டி நிறுத்தினான். 'டொப்புன்னு கேக்குது சார்' என்று ஒரு பொய் சொன்னால் போதும். ராஜுவும் தப்பிப்பான், இவனும் தப்பிப்பான், வேலையும் வீடும் குழாயும் பத்திரம். பெரியசாமியேகூட அப்படிச் சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். ஆனால் இன்று தன் காதைச் சாட்சிக்கு இழுத்தால் நாளைக்கும் அவர்கள் அந்தக் காதைத்தான் கேட்பார்கள். அந்தக் காதுக்கு ஒன்றும் தெரியாதே!

"என் காதுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க சார்" என்றான். "இந்தக் காது போயி ரொம்ப நாளாச்சு. ராஜு வேணான்றான். அதனால உள்ள போகல."

குரல் உயரவில்லை. காற்றுக்குழாய் மூடியிருந்ததால் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. டேவிட் அவனையே பார்த்தார். கையில் இருந்த விளக்கை அணைத்துப் போட்டார், மறுபடி ஏற்றினார். "யூ ஃபூல்" என்றார். அதில் திட்டைவிட வருத்தம்தான் ஜாஸ்தி. "இத என் காதுல ஏன் மேன் போட்டே? நான் இப்ப மேல எழுதியாகணுமே." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று வெளியிலிருந்தே முட்டுக் கொடுத்தார்கள். பாதி இடம்கூட முடியவில்லை. மறுநாள் தட்டியபோது ராஜுவும் சரி என்றான், எல்லோரும் அந்த மூலைக்குள் போனார்கள். பாறை சிவனே என்று நின்றது. ஒரு பொடிக்கல்கூட உதிரவில்லை. இரண்டு நாள், மூன்று நாள் ஆயிற்று. விழவே இல்லை. ராஜு இடிந்துபோய்விட்டான்.

"என்னாலதான் உனுக்கு இந்தக் கஷ்டம் பாலண்ணா. நான் தப்பாச் சொல்லிட்டேன். இனிமே வாயத் தொறக்க மாட்டேன்."

தம்மபாலனுக்கு மட்டும் வருத்தம் இருக்காதா? பாறை விழுந்திருந்தால், பார்த்தீர்களா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டேவிட் முன்னால் நின்றிருக்கலாமே என்று அவனும் நினைத்தான். நினைத்ததற்காக வெட்கமும் பட்டான்.

"விழலன்னா நல்லதுதானே" என்றான். "நாளிக்கும் வேணாம்னு தோணிச்சின்னா வேணாம்னுதான் சொல்லணும். தெரிதா?"

ராஜு தலையாட்டினான். நம்பி ஆட்டினானா என்று தெரியவில்லை.

வாரம் முடிவதற்குள் காதைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கே கம்பவுண்டராக இருந்த தங்கவேலு இவர்கள் பழைய லைன்காரர். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, வலது பக்கமாக உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"டாக்டர் உனுக்குப் பின்னால நின்னுகினு ஒரு வார்த்த சொல்வாரு. நீ திருப்பிச் சொல்லணும், அவ்வளவுதான் டெஸ்ட். நான் உன் எதிருல நிப்பேன். அவரு சொல்றத அப்டியே வாயசைச்சிக் காட்டறேன். படிச்சிட்டுச் சொல்லிடு. காதும் பாஸு, வேலையும் பாஸு."

அவர் போன பிறகு தம்மபாலன் கண்மணியைப் பார்த்தான். அவள் வாசல் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"இன்னா பண்றது கண்மணி?"

"தங்கவேலு அண்ணன் சொன்னதக் கேட்டேன்."

"பாஸ் ஆயிட்டா, டாக்டரே காது நல்லாக் கீதுன்னு எழுதிட்டாரு, இனிமே நீயே முடிவு பண்ணுன்னு சொல்வாங்க. மத்தவங்களக் கேக்க வுடமாட்டாங்க."

கண்மணி சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, அவள் மூடவில்லை.

"வீடு போச்சின்னா நான் அழுவேன்" என்றாள். "இப்பவே சொல்லிட்டேன். நல்லா அழுவேன். என்னச் சமாதானம் பண்ண வராதீங்க. அழுது முடிச்சிட்டுப் பாத்திரத்தக் கட்டறேன்."

அவன் எழுந்து குழாயை மூடினான். 

ஆஸ்பத்திரியில் டாக்டர் பின்னால் நின்றார். தம்மபாலன் வலது காதைக் கையால் அடைத்துக்கொண்டான். எதிரே தங்கவேலு ஒரு தட்டில் பஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயைக் கோணி, 'மாம்பழம்' என்று அசைத்தார். அவ்வளவு தெளிவான மாம்பழத்தை தம்மபாலன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"கேக்கல டாக்டர்" என்றான்.

தங்கவேலுவுக்குப் பகீரென்றது. புரியவில்லைபோல என்று நினைத்து, அடுத்த வார்த்தைக்கு வாயை இன்னும் பெரிதாகத் திறந்தார். 'நாற்காலி.'

"கேக்கலீங்க."

'தண்ணீர்.' அந்த வார்த்தையிடம் மட்டும் அவன் ஒரு கணம் தயங்கினான். கண்மணி திறந்துவிட்டு மறந்து நின்ற அந்தக் குழாய் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

"அதுவும் கேக்கல டாக்டர்."

வெளியே வந்தபோது, முதுகில் வருஷக்கணக்காகச் சுமந்த மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது அவனுக்கு. ரோட்டில் அப்படியே நின்று வெயிலைப் பார்த்தான். பிறகுதான் வீடு ஞாபகம் வந்து நெஞ்சு கனத்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன. தரைமேல் மர யார்டில் கட்டை அறுக்கும் வேலைக்கு அவனை மாற்றினார்கள்.

வீட்டைக் காலி செய்த அன்று கண்மணி சொன்னபடியே அழுதாள். குழாயடியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, யாரும் சமாதானப்படுத்த வராமல் அழுது முடித்தாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு பாத்திரங்களைக் கோணியில் கட்டினாள். தம்மபாலன் டிரங்குப் பெட்டியைத் தூக்கத் திணறிக்கொண்டிருந்தபோது, ஷிப்டு முடிந்து குளித்த தலையோடு ராஜு வந்து மறுபக்கம் பிடித்தான்.

பழைய தட்டி லைன் இருக்கும் மேட்டை நோக்கி இருவரும் பெட்டியைச் சுமந்து நடந்தார்கள். ராஜு வலது பக்கமாகத்தான் பிடித்திருந்தான்.

"யாரப் போட்டாங்க மேஸ்திரியா?" என்று தம்மபாலன் கேட்டான்.

"பெரியசாமிண்ணன. டேவிட் சார் வந்து, உங்கள்ல யாருக்குடா நல்லாக் காது கேக்கும்னு கேட்டாரு. அண்ணன்தான் சொன்னாரு, 'எல்லாருக்கும் கேக்கும் சார். கேக்காத அன்னிக்குக் கேக்கலன்னு சொல்றவன் யாருன்னு கேளுங்க'ன்னாரு. டேவிட் சார் அண்ணனப் பாத்தாரு. அப்புறம், நீயே பாருன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

தம்மபாலன் பெட்டியைக் கீழே வைத்தான். கை மாற்றிக்கொள்ள என்று வைத்தான், கை மாற்றவில்லை. கண் கலங்கியிருந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"நேத்து தட்டினோம்" என்றான் ராஜு. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது போலிருந்தது. "நான்தான் தட்டினேன். எல்லாரும் சரின்னாங்க. பெரியசாமிண்ணனும் சரின்னாரு. எனக்கு மட்டும் என்னமோ மாதிரி இருந்திச்சி. உன் சமாச்சாரம்லாம் ஞாபகம் வந்திச்சி பாலண்ணா, வாயத் தொறக்கவே பயம். இருந்தாலும் வேணாம்னுட்டேன்."

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என் கடப்பாரைய வாங்கிக் கீழ வெச்சிட்டு, சரி கட்டைய எடுங்க, வெளியிலருந்தே போலாம்னாரு."

"வுழுந்திச்சா?"

ராஜு தலையைக் குனிந்துகொண்டான். "இல்லண்ணா. வுழல."

தம்மபாலன் சிரித்தான். முதலில் மூக்கால் வந்த சிரிப்பு, பிறகு அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தான். ராஜு முழித்துவிட்டு, அவனும் சேர்ந்துகொண்டான். பின்னால் தலைமேல் கோணியோடு வந்துகொண்டிருந்த கண்மணி நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"வீடு போயி, குழாய் போயி, பல்லக் காட்டிகினு நிக்கறீங்களே, இன்னா ஆச்சு உங்களுக்கு?"

"வுழலியாம் கண்மணி!" என்றான் தம்மபாலன். "இவன் வேணாம்னானாம். யாரும் போகலியாம். பாறை வுழவே இல்லியாம்!"